அனாதைப் பிள்ளையும் அவன் அன்னையும்

வானொலி ஞாயிறு சிந்தனை: பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு

இன்றைய வழிபாட்டில் நாம் இரண்டு கைம்பெண்களைச் சந்திக்கிறோம். முதல் வாசகத்தில், சாரிபாத்து நகரின் நுழைவாயிலில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கும் பெண். நற்செய்தியில், எருசலேம் கோவிலின் காணிக்கைப் பெட்டியில், தன்னிடமிருந்த இரண்டு காசுகளையும் போட்டுவிட்டுச் செல்லும் பெண். இவ்விரு வாசகங்களுக்கும் நடுவே நாம் பாடிய 146ஆம் திருப்பாடல், ஆண்டவர் தாங்கிப்பிடிக்கும் எளியோரை வரிசையாகச் சொல்லும்போது, அனாதைப் பிள்ளைகளையும் கைம்பெண்களையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது.

விவிலியத்தில் பல இடங்களில் இவ்விரு சொற்களும் ஒன்றாகவே வருவதை நாம் காணலாம். விடுதலைப் பயண நூலில், இணைச்சட்ட நூலில், இறைவாக்கினர் எசாயாவில், யாக்கோபு திருமுகத்தில் எல்லாம் இவை அருகருகே நிற்கின்றன. காரணம் எளியது. எபிரேய மொழியில் அனாதையைக் குறிக்கும் 'யாதோம்' என்ற சொல், பெரும்பாலும் தந்தையை இழந்த பிள்ளையைக் குறித்தது. தாய் உயிரோடு இருந்தாலும் அவன் யாதோம்தான். நிலமும், உரிமையும், ஊர்ச்சபையில் பேசும் குரலும் தந்தை வழியே வந்த சமுதாயம் அது. அந்தத் தந்தை போனபின், தாய்க்குக் கைம்பெண் என்று பெயர். பிள்ளைக்கு அனாதை என்று பெயர். இரண்டு பெயர்களும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களுக்கு உரியவை.

இதை மனதில் கொண்டு, இன்றைய உலகில் பரவலாகிவிட்ட ஒரு பழக்கத்தைப் பற்றிச் சிந்திப்போம். கோடை விடுமுறையில் வெளிநாடு சென்று, அங்குள்ள அனாதை இல்லம் ஒன்றில் இரண்டு மூன்று வாரங்கள் தங்கி, குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து, வகுப்பறைக்குச் சுவர் எழுப்பி, கழிப்பறை கட்டி, வண்ணம் பூசித் திரும்புவதே அந்தப் பழக்கம். அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளின் பள்ளிகளும், பல்கலைக்கழகங்களும், பல சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவப் பங்குகளும் இளையோரை இவ்வாறு அனுப்பி வருகின்றன. கம்போடியா, நேபாளம், கென்யா, தான்சானியா, ஹெய்ட்டி என்று அவர்கள் செல்கின்றனர். செல்வோரின் உள்ளம் நல்லது. விடுமுறையைக் கடற்கரையில் கழிக்காமல், முகம் தெரியாத குழந்தைகளுக்காகச் செலவிட நினைக்கும் இளையோரைக் குறைகூற நமக்கு மனம் வராது; கூறவும் கூடாது. ஆனால், அந்த நல்ல உள்ளம் போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கவேண்டிய கடமை, அவர்களை அனுப்பிவைக்கும் நமக்கு உண்டு.

கம்போடியாவை எடுத்துக்கொள்வோம். 1975க்கும் 1979க்கும் இடையே கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் பட்டினியாலும், நோயாலும், கொலையாலும் இறந்தனர் என்று கணக்கிடப்படுகிறது. அந்த நாட்டில் அனாதைகள் இருப்பார்கள் என்று உலகம் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால், 1979இல் அனாதையான ஒரு கைக்குழந்தைக்கு 2010இல் 31 வயது. போரின் அனாதைகள் வளர்ந்து, தாங்களே பெற்றோராகிவிட்ட அந்தக் காலத்தில்தான், அங்கு அனாதை இல்லங்கள் பெருகத் தொடங்கின. ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெஃப் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2005இல் 153ஆக இருந்த இல்லங்கள், 2010இல் 269ஆக உயர்ந்தன. ஐந்தே ஆண்டுகளில் 75 விழுக்காடு கூடுதல்!

இந்த ஐந்து ஆண்டுகளில் அந்நாட்டில் புதிய போர் ஏதும் மூளவில்லை. பெற்றோரை வாரிச்சென்ற கொள்ளைநோயும் பரவவில்லை. கூடியது வேறொன்று. 2005இல் ஏறத்தாழ 14 இலட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை, 2010இல் 25 இலட்சமாகியது. அங்கோர் வாட் கோவிலைக் காண வருவோர் தங்கும் சியெம் ரீப், தலைநகர் புனோம் பென் போன்ற, பயணிகள் நடமாடும் இடங்களிலேயே இல்லங்களும் மிகுந்திருந்தன. வறுமை மிகுந்த உட்கிராமங்கள் வேறு எங்கோ இருந்தன. அவ்வூர்களின் பிள்ளைகள், நகரத்து இல்லங்களுக்கு வந்து சேர்ந்தனர். அவர்களில் நான்கில் மூவருக்கு, தாயோ தந்தையோ இருவருமோ உயிரோடு இருந்தனர் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

அப்படியானால் பெற்றோர் ஏன் அனுப்பினர்? பாசம் இல்லாததாலா? இல்லை. பள்ளிக்கூடத்தில் கட்டவேண்டிய சிறு தொகைக்கும், சீருடைக்கும், மூன்று வேளைச் சோற்றுக்கும் வழியில்லாத வீட்டிற்கு ஒருவர் வந்து, 'உங்கள் பிள்ளையை அனுப்புங்கள், ஆங்கிலம் படிக்கவைக்கிறோம், வெளிநாட்டினர் உதவுவர்' என்று சொல்லும்போது, எந்தத் தாயும் தன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சம்மதிப்பார். நம் ஊர்களில் பிள்ளையைப் போர்டிங்கில் சேர்க்கும் பெற்றோரின் மனநிலை நமக்குத் தெரியும். வேறுபாடு என்னவென்றால், போர்டிங்கில் இருக்கும் பிள்ளை கிறிஸ்மஸ் விடுமுறைக்கும், கோடை விடுமுறைக்கும் வீடு திரும்புகிறான். அவனை யாரும் அனாதை என்று அழைப்பதில்லை. கம்போடிய இல்லத்துப் பிள்ளையோ, பார்வையாளர் வரும்போதெல்லாம் அனாதையாகவே அறிமுகம் செய்யப்படுகிறான். அவனுடைய அம்மா ஏதோ ஒரு கிராமத்தில் நெல் நடவு செய்துகொண்டிருக்கிறார்.

எல்லா இல்லங்களும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. ஆனால், தன்னார்வலரின் கட்டணத்தையும், பயணிகளின் நன்கொடையையும் நம்பி நடக்கும் இல்லத்திற்கு, குழந்தைகள் குறைந்தால் வருமானம் குறையும். குழந்தைகள் வீடு திரும்பினால் இல்லம் மூடப்படும். சில இல்லங்களில் பிள்ளைகளை மெலிந்த தோற்றத்திலேயே வைத்திருப்பதும், மாலையில் பயணிகள் முன் நடனமாட வைப்பதும், நன்கொடைக்காகத் துண்டறிக்கை கொடுக்கத் தெருவுக்கு அனுப்புவதும் நடந்ததாகச் செய்தியாளர்களும், குழந்தை நலப் பணியாளர்களும் பதிவு செய்துள்ளனர். மறைநூல் அறிஞர்கள் நீண்ட நேரம் இறைவேண்டல் செய்துகொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிடுகின்றனர் என்று, இன்றைய நற்செய்தியில் இயேசு எச்சரிக்கிறார். காணிக்கை போட்ட கைம்பெண்ணைப் பற்றிப் பேசும் அவசரத்தில், அதற்கு முன்வரும் இந்த எச்சரிக்கையை நாம் பல நேரங்களில் தாண்டிச் சென்றுவிடுகிறோம். பக்தியின் பெயரால், பரிவின் பெயரால் ஒரு வீடு காலியாக்கப்படலாம் என்பதை இயேசு அறிந்திருந்தார்.

இனி, இல்லத்திற்குள் இருக்கும் குழந்தையிடம் வருவோம். அனாதை இல்லம் சென்று திரும்பும் இளையோர் எல்லாரும் சொல்லும் ஓர் அனுபவம் உண்டு: "உள்ளே நுழைந்த உடனே பிள்ளைகள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். என் மடியில் ஏறி உட்கார்ந்து, கையைவிட மறுத்தார்கள்." இது நெஞ்சைத் தொடும் காட்சிதான். ஆனால், நம் வீட்டில் வளரும் மூன்று வயதுக் குழந்தை, முன்பின் தெரியாதவர் வந்தால் என்ன செய்கிறது? அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. எட்டிப் பார்க்கிறது. நெடுநேரம் கழித்தே கிட்டே வருகிறது. அது, தனக்குரியவர் யார் என்று அறிந்த குழந்தை. எந்த அன்னியரையும் கண்டவுடன் கட்டிக்கொள்ளும் குழந்தையோ, தனக்கென்று ஒருவர் நிலையாக இல்லாததால், வருவோர் எல்லாரிடமும் தேடுகிறது. குழந்தை மனநல மருத்துவர்கள் இதைப் பாசத்தின் அடையாளமாகப் பார்ப்பதில்லை. காயத்தின் அடையாளமாகவே பார்க்கின்றனர்.

இதுபற்றி நாம் அறிந்துள்ளவற்றில் பெரும்பகுதி ருமேனியாவிலிருந்து வந்தது. 1989இல் சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபோது, அந்நாட்டின் அரசு இல்லங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடைபட்டுக் கிடந்தனர். 2000ஆம் ஆண்டில் சார்ல்ஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் சீனா என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள், புக்காரெஸ்ட் நகரின் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரையிலான அக்குழந்தைகளில் பாதிப்பேர், சீட்டுக்குலுக்கியதுபோலத் தேர்ந்தெடுக்கப்பட்டு, வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, குடும்பம் கிடைத்த குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும், பிறரோடு உறவு கொள்வதிலும் முன்னேறினர். இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களிடம் முன்னேற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ருமேனியாவின் இல்லங்கள் மிகக் கொடியவை. நாம் பேசும் இல்லங்களில் பலவற்றில் சோறும், துணியும், சிரிப்பும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால், ஒரு குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு புதிய அக்காவும், ஒரு புதிய அண்ணனும் வந்து, அன்பு காட்டி, படம் எடுத்துக்கொண்டு, கண்ணீரோடு விடைபெற்றுச் செல்வதை எண்ணிப்பாருங்கள். அந்த அக்காவுக்கு அது ஒரே ஒரு பிரிவு. குழந்தைக்கு அது அந்த ஆண்டின் பன்னிரண்டாவது பிரிவு.

நம் ஊரிலும் பிறந்தநாள், நினைவுநாள் என்றால், இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடும் வழக்கம் இருக்கிறது. சோறு ஆறிக்கொண்டிருக்க, பிள்ளைகள் வரிசையில் நின்று, முன்பின் அறியாத ஒருவருக்குப் பிறந்தநாள் பாட்டு பாடி முடித்தபிறகே உட்காருவதை நாம் பார்த்திருக்கிறோம். பணத்தைக் கொடுத்துவிட்டு, பாட்டையும் படத்தையும் வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களை நாம் வாழ்த்துகிறோம்.

கற்பிப்பதைப் பற்றியும், கட்டுவதைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். ஆசிரியப் பயிற்சி இல்லாத, அந்த நாட்டு மொழியில் ஒரு சொல்லும் அறியாத ஒருவர், இரண்டு வாரங்களில் என்ன கற்பிக்க முடியும்? ஆங்கில அகரவரிசை, நிறங்கள், உடல் உறுப்புகளின் பெயர்கள், ஒரு பாட்டு. அடுத்த குழு வந்து மீண்டும் அகரவரிசையிலிருந்தே தொடங்குகிறது. இதற்கிடையே, அந்த ஊரிலேயே ஆசிரியப் பயிற்சி முடித்து, குறைந்த ஊதியத்தில் வேலை செய்யும் ஆசிரியர்கள் இருக்கின்றனர். கம்போடியாவில் பல அரசுப் பள்ளிகள் காலையில் ஒரு பிரிவினருக்கும், மாலையில் ஒரு பிரிவினருக்குமாக அரை நாளே நடக்கின்றன. எஞ்சிய அரை நாளில் பிள்ளைகளுக்குக் கற்பிக்க உள்ளூர் ஆசிரியர் ஒருவரை ஓராண்டு முழுவதும் அமர்த்த, ஒரு தன்னார்வலரின் விமானக் கட்டணம் பெரிதும் உதவும்.

கட்டடப் பணியைப் பற்றி, பிப்பா பிடில் என்ற அமெரிக்கப் பெண் 2014இல் எழுதிய கட்டுரை பலரைச் சிந்திக்க வைத்தது. பள்ளி மாணவியாக இருந்தபோது அவரும் தோழியரும், தான்சானியாவில் ஓர் அனாதை இல்லத்திற்கு நூலகம் கட்டச் சென்றனர். பகலில் அவர்கள் அடுக்கிய செங்கற்கள் கோணலாக இருந்ததால், உள்ளூர் ஆண்கள் இரவில் வந்து அந்தச் சுவரைப் பிரித்து, மீண்டும் ஒழுங்காகக் கட்டிவைத்தனர். காலையில் எழுந்த மாணவியர் ஒன்றும் அறியாதவராய் வேலையைத் தொடர்ந்தனர். அந்த இரவுநேரக் கொத்தனார்களை நாம் நினைத்துப்பார்க்கிறோம். வந்த விருந்தினரின் மனம் நோகக்கூடாது என்று அவர்கள் தூக்கத்தை இழந்தனர். முதலிலேயே அவர்களிடம் வேலையை ஒப்படைத்து, கூலி கொடுத்திருந்தால், நூலகமும் விரைவில் எழுந்திருக்கும். அவர்களுடைய பிள்ளைகளின் வயிறும் நிறைந்திருக்கும். ஒரு கொத்தனாருக்கு வேலை கிடைக்கும் ஊரில், பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பவேண்டிய குடும்பம் ஒன்று குறைகிறது.

சாரிபாத்துக்குத் திரும்புவோம். அது இஸ்ரயேல் நாட்டு ஊர் அல்ல; சீதோனைச் சேர்ந்தது. இறைவாக்கினர் எலியா அங்கே ஒரு வெளிநாட்டவர். பஞ்சத்தில் சாகவிருந்த ஓர் அனாதைச் சிறுவனை அவர் சந்திக்கிறார். அவனை அங்கிருந்து அழைத்துச் செல்லவில்லை. அவன் தாயிடம் முதலில் தண்ணீர் கேட்கிறார், பிறகு அப்பம் கேட்கிறார். கொடுப்பவராக அல்ல, பெறுபவராக அந்த வீட்டுக்குள் நுழைகிறார். ஆண்டவர் செய்த வல்ல செயலும் அந்த வீட்டின் அடுக்களையிலேயே நிகழ்கிறது. பானையில் மாவு தீரவில்லை. கலயத்தில் எண்ணெய் குறையவில்லை. சமைத்தவர் அந்தத் தாய்தான். பின்னர் அந்தச் சிறுவன் இறந்து, எலியாவின் மன்றாட்டால் உயிர்பெற்றபோதும், அவனை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்து, தாயிடமே ஒப்படைக்கிறார். நயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகனை உயிர்ப்பித்த இயேசுவும் அவ்வாறே செய்தார் என்று லூக்கா பதிவு செய்கிறார்.

எலியாவின் சீடர் எலிசாவிடம் வந்த கைம்பெண்ணின் கதை இன்னும் துல்லியமானது. அரசர்கள் இரண்டாம் நூலின் 4ஆம் பிரிவில் அதைக் காணலாம். கணவர் விட்டுச்சென்ற கடனுக்காக, அவருடைய இரு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோகக் கடன்காரன் வந்து நிற்கிறான். எலிசா கேட்ட கேள்வி, வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான். ஒரு கலயம் எண்ணெய் இருந்தது. அண்டை வீட்டாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னார். பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்துக்கொடுக்க, தாய் ஊற்றினார். எண்ணெயை விற்றுக் கடனை அடைத்து, மிஞ்சியதைக் கொண்டு பிள்ளைகளோடு வாழும்படி எலிசா சொன்னார். இன்று குழந்தைநலப் பணியாளர்கள் 'குடும்பத்தை வலுப்படுத்துதல்' என்று அழைக்கும் பணி முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது: கடன், வருமானம், அக்கம்பக்கத்தாரின் துணை, பிள்ளைகள் தாயோடு.

இதைக் கேட்கும்போது உங்களுள் சிலருக்கு ஒரு நியாயமான வருத்தம் எழலாம். நம் துறவு சபைகள் தலைமுறை தலைமுறையாக அனாதை இல்லங்களை நடத்தி வந்துள்ளனவே, அவை எல்லாம் தவறா? குப்பைத்தொட்டியில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்த அருள்சகோதரியை நாம் குறைசொல்லலாமா? சொல்ல மாட்டோம். யாருமே இல்லாத குழந்தைகள் இருக்கின்றனர். வீடே ஆபத்தாகிவிட்ட குழந்தைகளும் இருக்கின்றனர். அவர்களுக்குக் கதவு திறந்திருக்கவேண்டும். 2015ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தாயையோ தந்தையையோ இழந்த குழந்தைகள் உலகில் ஏறத்தாழ 14 கோடி என்றும், இருவரையும் இழந்தவர்கள் அவர்களில் ஒன்றரைக் கோடி என்றும் யுனிசெஃப் கூறியது. அந்த ஒன்றரைக் கோடியில் பலருக்குப் பாட்டியும், சித்தியும், மாமாவும் இருக்கின்றனர். அந்த உறவினரைத் தேடிக் கண்டுபிடிப்பதும், அவர்களைத் தாங்குவதும் முதல் வேலை. இல்லம் கடைசிக் கதவு. ஐ.நா. பொது அவை 2009இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல்களும் இதையே சொல்கின்றன. 2019 டிசம்பரில் அதே அவை, அனாதை இல்லங்களுக்குச் செல்லும் தன்னார்வப் பயணங்களும், சுற்றுலாவும் குழந்தைக் கடத்தலுக்கும், சுரண்டலுக்கும் வழிவகுக்கக்கூடும் என்று எச்சரித்தது.

இந்த மாற்றத்தில் முன்னே நடப்பவர்களில் அருள்சகோதரிகளும் இருப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. உகாண்டாவில், பல ஆண்டுகளாகக் குழந்தைகள் இல்லங்களை நடத்திவந்த பெண் துறவு சபைகள், 2016ஆம் ஆண்டு முதல் ஒன்றுகூடி, தங்கள் இல்லங்களையே மாற்றியமைக்கத் தொடங்கின. சகோதரிகள் சமூகப்பணியில் பட்டமும், பயிற்சியும் பெற்றனர். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோப்பு திறந்து, அது எந்த ஊர், யாருடைய பிள்ளை, வீட்டில் யார் இருக்கின்றனர் என்று தேடிச் சென்றனர். சாம்பியாவிலும், மலாவியிலும் இம்முயற்சி தொடர்ந்தது. உரோமையில் உள்ள, துறவு சபைத் தலைவியரின் உலக ஒன்றியமும் இதற்குத் துணைநிற்கிறது. தன் கையால் வளர்த்த பிள்ளையைப் பாட்டியின் குடிசைக்குத் திருப்பி அனுப்புவது ஒரு சகோதரிக்கு எவ்வளவு கடினம் என்பது, பிள்ளை வளர்த்தவர்களுக்குப் புரியும். அனுப்பியதோடு பணி முடிவதில்லை. கோழியோ ஆடோ வாங்கிக்கொடுப்பதும், பள்ளியில் பேசுவதும், மாதந்தோறும் நடந்துபோய்ப் பார்ப்பதும் அதற்குப் பிறகே தொடங்குகின்றன.

வெளிநாடு சென்று பணியாற்ற விரும்பும் இளையோர், பங்குத்தந்தையிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவதுண்டு. அப்போது அவரோடு அமர்ந்து சில கேள்விகளைப் பேசலாம். நம் மறைக்கல்வி வகுப்புக்குள் முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டவரை, எந்தச் சான்றும் கேட்காமல் அனுமதிப்போமா? மாட்டோம் என்றால், அவர் செல்லவிருக்கும் இல்லம் அவரைப் பற்றிக் காவல்துறைச் சான்று கேட்டதா? அவர் செய்யப்போகும் வேலையைச் செய்ய அந்த ஊரில் ஆள் இல்லையா? செவிலியர், கணக்காளர், பயிற்சி பெற்ற ஆசிரியர் என்று அவரிடம் ஒரு திறமை இருந்தால், அதைக் குழந்தைகளுக்கு நேராக அல்லாமல், அங்குள்ள பணியாளருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வர முடியுமா? அந்த இல்லத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ, தந்தையோ, பாட்டியோ இருக்கின்றனர்? கடந்த ஓராண்டில் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினர்? இந்தக் கடைசி இரண்டு கேள்விகளையும், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே, அந்த இல்லத்தின் பொறுப்பாளருக்குக் கடிதமாக எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.